முகங் காணாத ஏலம்

பாசையூர்க் கரையில் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்கு ஏலம் என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. வள்ளங்கள் கரை சேர்ந்ததும் மீன் குவியல் குவியலாக இறங்கும். ஒருவர் விலை கூறுவார். சுற்றி நிற்போர் சிறிது சிறிதாகக் கேள்வியை ஏற்றுவர். எனினும் வாய் திறப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தவறாது செய்யும் காரியம் ஒன்றுண்டு. குனிந்து மீனின் செவுளை விரித்துப் பார்ப்பர். சிவந்திருந்தால் புதியது, வெளிறியிருந்தால் பழையது. விற்பவர் எந்த ஊரவர், எவருடைய வள்ளத்து மீன் என்பதும் அங்குள்ளோருக்குத் தெரியும். இன்று ஏமாற்றியவர் நாளையும் அதே கரைக்குத்தான் வரவேண்டும் என்பதே அந்தச் சந்தையின் காவல்.

இணையத்தில் நடைபெறும் ஏலத்தில் இவ்விரண்டும் இல்லை. செவுளை விரித்துப் பார்க்க இயலாது. விற்பவரின் முகமும் ஊரும் தெரியா. ஆயினும் நம் வீடுகளில் இன்று கைப்பேசியைத் தொட்டே மடிக்கணினி முதல் பழைய நாணயம் வரை வாங்குகின்றோம். ஆதலின் பொருளைச் சோதிக்க முடியாத இடத்தில் விற்பவரைச் சோதிப்பது எங்ஙனம் என்பதைக் குடும்பத்தார் அனைவரும், சிறப்பாக மாணவர்கள், அறிந்திருத்தல் அவசியம்.

உடைந்த கருவியிலிருந்து உலகச் சந்தை வரை

இணைய ஏலத்தில் பெரும்பெயர் பெற்ற 'ஈபே' நிறுவனத்தை அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் 1995 செப்டெம்பரில் தொடங்கினார். அங்கு முதலில் விற்பனையான பொருள் பழுதடைந்த லேசர் ஒளிக்கருவி ஒன்று. விலை 14 டொலர் 83 சதம். அதே ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமே இருக்கவில்லை. குப்பி விளக்கின் கீழ் நம் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தனர். ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டுப் பெயர்ந்தனர். ஏனைய நாட்டினர் சிறிது சிறிதாகக் கற்ற இப்புதுச் சந்தையின் நெளிவு சுளிவுகளை நாம் பின்னர் ஒரே வீச்சிற் கற்க வேண்டியதாயிற்று.

மனிதரிற் பெரும்பாலோர் நேர்மையானவர் என்பது ஒமிடியாரின் நம்பிக்கை. அந்நம்பிக்கை பிழையன்று. ஆனால் எஞ்சியுள்ள சிலர் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதைக் காட்டும் வழக்கொன்று ஐந்து ஆண்டுகளுக்குள்ளேயே எழுந்தது.

ஓர் ஓவியத்தின் கதை

2000ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவைச் சேர்ந்த கெனெத் வால்டன் என்னும் சட்டத்தரணி, ஈபே தளத்தில் ஓவியம் ஒன்றை ஏலத்துக்கு விட்டார். தமக்கு ஓவியம் பற்றி எதுவும் தெரியாதென்றும், பழைய சாமான் விற்பனையொன்றில் வாங்கியதென்றும், வீட்டுக் குழந்தை அதில் ஓட்டையிட்டுவிட்டதென்றும் அப்பாவி போல எழுதினார். ஆனால் படத்தின் ஓரத்தில் 'ஆர்.டி. 52' என்ற எழுத்துகள் தெரிந்தன. ரிச்சர்ட் டிபென்கோர்ன் என்ற புகழ்பெற்ற ஓவியரின் படைப்பாகவே இஃது இருக்கவேண்டும், விற்பவருக்கு அதன் அருமை தெரியவில்லை என்று பலர் எண்ணினர். 25 சதத்தில் தொடங்கிய ஏலம் 135,805 டொலருக்கு உயர்ந்தது. வென்றவர் ஒல்லாந்து நாட்டவர்.

பின்னர் உண்மை வெளிப்பட்டது. அவ்வெழுத்துகளை இட்டவர் வால்டனே. ஓட்டையிட்ட குழந்தையும் கற்பனையே. அதுமட்டுமன்றி, அவரும் அவருடைய கூட்டாளிகளும் வெவ்வேறு பெயர்களிற் புகுந்து, தங்கள் பொருள்களுக்குத் தாங்களே விலை கேட்டு ஏற்றிவந்தமையும் தெரியவந்தது. ஈபே அந்த விற்பனையை இரத்துச் செய்தது. வால்டன் நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தம் சட்டத்தொழிலையும் இழந்தார்.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. பொருளைக் காட்டிலும் அதைச் சுற்றிச் சொல்லப்பட்ட கதையே வாங்குவோரைக் கவர்ந்தது என்பது ஒன்று. 'விற்பவன் அறியாதவன், நான் அறிந்தவன்' என்ற எண்ணமே பலருடைய கண்ணை மறைத்தது என்பது மற்றொன்று. ஏமாற்றுவோன் முதலில் விரிக்கும் வலை நம்முடைய ஆசையே.

செவுளுக்குப் பதிலாக எதைப் பார்ப்பது?

ஒரு மாணவியை எண்ணிப் பார்ப்போம். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். மடிக்கணினி வேண்டும். கடையில் விலை கைக்கு எட்டவில்லை. வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பிய பணம் தாயிடம் இருக்கிறது. இணையத்திற் பாதி விலைக்கு ஒன்று தென்படுகிறது. அவள் எவற்றைப் பார்க்க வேண்டும்?

முதலாவது, விலை. அதே பொருள் வேறிடங்களில் என்ன விலைக்குப் போகிறது என்று மூன்று நான்கு இடங்களிற் பார்த்தல் வேண்டும். சிறிது குறைந்திருந்தால் அது வியாபாரம். பாதியாகக் குறைந்திருந்தால் அதற்குரிய காரணத்தைக் கேட்க வேண்டும். 'அவசரமாக வெளிநாடு போகிறேன்', 'தந்தையார் காலமானார்' என்ற கதைகளைக் காரணமாகக் கொள்ளலாகாது.

இரண்டாவது, விற்பவரின் கடந்தகாலம். வாங்கியோர் தம் அனுபவத்தை எழுதி வைக்கும் முறையை ஈபே 1996இல் ஏற்படுத்தியது. பிற தளங்களும் இதனைக் கைக்கொண்டன. ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்குதல் கூடாது. ஊசியும் ஒட்டுத்தாளும் விற்று நூறு நற்சான்று சேர்த்தவர், திடீரென விலையுயர்ந்த கமராக்களை விற்கத் தொடங்கினால் ஐயுறல் வேண்டும். ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்த கணக்கு ஒருநாள் விழித்துப் பத்துக் கைப்பேசிகளை விற்பனைக்கு வைத்தால், அக்கணக்கு களவாடப்பட்டதாக இருக்கலாம். நற்சான்றுகளை விட்டுக் குறைகூறியவற்றை முதலிற் படிப்பதே நலம். எல்லாக் குறைகளும் ஒரே விதமாக இருந்தால் அதுவே அவருடைய வழக்கம்.

மூன்றாவது, படம். கடைக்காரரின் விளம்பரப் படத்தை எடுத்து இடுவது எவருக்கும் எளிது. ஒரு படம் இணையத்தில் வேறெங்கு உள்ளதெனத் தேடும் வசதி கூகிளில் உண்டு. அதைவிட எளிய வழி, இன்றைய திகதியை எழுதிய தாளொன்றைப் பொருளின் அருகே வைத்துப் புதுப்படம் அனுப்புமாறு கேட்பது. பொருள் கையில் உள்ளவருக்கு இது இரண்டு நிமிட வேலை, இல்லாதவர் சினங்கொள்வார்.

நான்காவது, எழுத்து. விவரத்தை இறுதிவரை படித்தல் வேண்டும். 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுக் கருவிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, கருவியின் புகைப்படத்தை மட்டும் விற்றவர்கள் இருந்தனர். 'இது படம்' என்று விவரத்தில் எழுதியும் இருந்தனர்! அவ்விளம்பரங்களை ஈபே பின்னர் நீக்கியது.

ஐந்தாவது, கேள்வி கேட்போர். ஒரே விற்பவரின் பொருள்களுக்கு மாத்திரம் மீண்டும் மீண்டும் விலையை ஏற்றி, ஒருபோதும் வெல்லாத பெயர்கள் தென்படின், அவை அவருடைய நிழல்களாக இருக்கலாம். இதற்கு மருந்து ஒன்றே. ஏலத்துக்கு முன்பே 'இவ்வளவுக்கு மேல் இல்லை' என்று தாளில் எழுதி வைத்து, அதை மீறாதிருத்தல்.

நாணயஞ் சேர்க்கும் மாணவருக்கு

நம் மாணவரிற் சிலர் பழைய நாணயம் சேர்ப்பர். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட 'சேது' நாணயங்கள், நந்தியும் 'சேது' என்ற தமிழெழுத்தும் பொறித்தவை. உலகெங்கும் அவற்றை விரும்புவோர் உளர். விரும்புவோர் உள்ள இடத்திற் போலியும் பிறக்கும். அடித்துப் பொறித்த நாணயத்தின் மேற்பரப்பிற் சிறு காற்றுக் குமிழிகளின் தழும்பும், ஓரத்தைச் சுற்றி ஒட்டிய கோடும் இரா; இருந்தால் அது அச்சில் வார்த்த போலி என ஐயுறலாம். ஓரத்தின் படத்தையும் நிறையையும் கேட்டுப் பெறாமல் வாங்கற்க. மேலும் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி, அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருள்களை நாட்டுக்கு வெளியே அனுப்புதல் குற்றம் என்பதையும் நினைவிற் கொள்க.

பணம் கைமாறும் வேளை

எல்லாச் சோதனையிலும் பெரியது பணஞ் செலுத்தும் வேளை. நம் மாணவி ஏலத்தில் வென்றுவிட்டாள் எனக் கொள்வோம். உடனே தனிச் செய்தி வருகிறது: 'தளத்தினூடாகச் செலுத்தினால் தரகுக் கூலி போகும், என் வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்புங்கள், ஐயாயிரம் ரூபா குறைத்துத் தருகிறேன், மாலைக்குள் அனுப்பாவிடில் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன்.' இம்மூன்று வாக்கியங்களும் ஒன்றுசேர்ந்து வருமாயின் அவ்விடத்தை விட்டு விலகுக. தளத்தின் பாதுகாப்பு, தளத்தினூடாகச் செலுத்திய பணத்துக்கே உண்டு. கடனட்டையிற் செலுத்தியதை வங்கியிடம் முறையிட்டுத் திரும்பப் பெற வழியுண்டு. கணக்கிலிருந்து கணக்குக்கு அனுப்பியதை மீட்பது மிகக் கடினம். ஏலத்தில் தோற்றவருக்கு 'வென்றவர் விலகிவிட்டார், பொருள் உமக்கே' என்று வரும் கடிதமும் பல வேளைகளிற் பொய்யே. தளத்துக்குள் புகுந்து பார்த்தே அதை நம்புக. வங்கி அனுப்பும் இரகசிய இலக்கத்தைக் கேட்பவர் எவராயினும் அவர் கள்வரே.

ஏலமின்றி விளம்பரம் மட்டும் இடும் உள்ளூர்த் தளங்களில் நேரிற் சென்று பார்க்கும் வசதி உண்டு. அதனைக் கைவிடலாகாது. சனநடமாட்டமுள்ள இடத்தில், பெரியவர் ஒருவருடன் சென்று, பொருளை இயக்கிப் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுத்தல் முறை.

ஏமாந்த பின்

இத்தனைக்குப் பின்னும் ஏமாறுதல் நேரக்கூடும். அப்போது நம் வீடுகளில் நிகழ்வது என்ன? பிள்ளை சொல்ல அஞ்சும்; சொன்னால் 'படித்தும் புத்தியில்லையா?' என்ற ஏச்சு விழும். அந்த மௌனத்திலே நாள்கள் கழியும்; கள்வனுக்கு வேண்டியதும் அந்த நாள்களே. பெற்றோர்க்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: ஏச்சைப் பின்னுக்கு வைத்து, முதலில் வங்கியை அழையுங்கள். செய்திகள், படங்கள், பணம் அனுப்பிய சீட்டு ஆகியவற்றை அழியாது பேணுங்கள். தளத்தில் முறையிடுங்கள். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் நம் நாட்டில் உண்டு. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். சட்டத்தரணி ஒருவரே மோசடி செய்ததையும் ஒல்லாந்து நாட்டவர் ஒருவர் அதை நம்பியதையும் கண்டோம். ஏமாறுதல் அறிவின்மையின் அடையாளமன்று.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். எவரையும் நம்பாதிருப்பது அதன் பொருளன்று. ஆராய்ந்து நம்புவதே பொருள். பாசையூர்க் கரையில் செவுளை விரித்துப் பார்ப்பவர் மீன்காரரை அவமதிப்பதில்லை. மீன்காரரும் அதற்காகச் சினப்பதில்லை. கைப்பேசித் திரையிலும் அந்தக் கரையின் வழக்கத்தையே கைக்கொள்வோமாக. பார்க்க விடாத விற்பனையாளரிடம் வாங்காதிருத்தலே நலம்.