பாட மறுத்த பென்டிரைவ்

சென்ற சாரல் பருவத்தில் இலஞ்சியிலிருந்து குற்றாலத்திற்குக் காரில் புறப்பட்டோம். என் பேரன் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்துகளை 64 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் நிரப்பி வந்திருந்தான். வீட்டுக் கணினியில் இனிது பாடிய அது, கார் ஸ்டீரியோவில் வாய் திறக்கவில்லை. "ஸ்டீரியோ கெட்டுப்போச்சு தாத்தா" என்றான். பழுது எதிலும் இல்லை.

நூலகத்திற்கு நூற்பட்டியல் எப்படியோ, பென்டிரைவுக்குக் கோப்புகளை அடுக்கும் முறை அப்படி. பட்டியலைப் படிக்க அறியாதவனுக்கு நிறைந்த அலமாரியும் வெற்று அலமாரியே. 1996-இல் வந்த ஃபேட்32 முறையைப் பெரும்பாலான கார் ஸ்டீரியோக்கள் அறியும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் முறைகளைப் பல அறியா. பேரனுடையது எக்ஸ்ஃபேட். முறையை மாற்ற ஃபார்மேட் செய்தல் வேண்டும். செய்தாலோ உள்ளிருப்பவை யாவும் அழியும். மறைந்த என் தமக்கையார் பாடிய சிந்து ஒன்றும் அதில் இருந்தது. வேறெங்கும் அதற்குப் படி இல்லை!

வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் கணினியில் படியெடுத்து, படி பாடுகிறதா என்றும் கேட்டுப் பார்த்தோம். பிறகே ஃபார்மேட். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் வசதி நெடுங்காலமாக 32 ஜிபிக்கு மேற்பட்டவற்றுக்கு ஃபேட்32 தந்ததில்லை. ஆதலின் 16 ஜிபி பென்டிரைவ் ஒன்றையே அதற்குப் பயன்படுத்தினோம்.

மற்றவை பாடின, தமக்கையார் பாட்டு மட்டும் ஒலிக்கவில்லை. அது கைப்பேசியில் பதிந்த எம்4ஏ கோப்பு. எங்கள் ஸ்டீரியோ அறிந்ததோ எம்பி3. கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றினால் போதாது. பேரன் அதையும் செய்து தோற்றான். மென்பொருள் கொண்டு முறையாக எம்பி3 ஆக்கிய பின், மறுநாள் ஐந்தருவி செல்லும் வழியில் அக்காளின் குரல் கேட்டது.