பெயரேட்டின் எல்லை



ஊவா மலைநாட்டில், பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை முதலிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழும் மக்களுக்குச் ‘செக்ரோல்’ என்னும் சொல்லை விளக்கவேண்டியதில்லை. பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்து, வேலைக்கு வந்தோர் பெயரைப் பதியும் ஏடு அது. அதில் பெயர் விழுந்தால் அன்றைய கூலி உண்டு. நாட்டுக்கும் அத்தகைய ஏடு ஒன்று உண்டு. அதுவே வாக்காளர் இடாப்பு. ஒருவர் பெயர் முதல் ஏட்டில் நாள்தோறும் இருந்தும், இரண்டாம் ஏட்டில் இல்லாது போனால், அந்நாட்டின் மக்களாட்சியைப் பற்றி நாம் யாது கூறுவது? இவ்வினா மக்களாட்சியைப் போலவே பழமையானது. ஆதலின் அதன் பிறப்பிடங்களுள் தலைசிறந்ததாகிய ஏதென்ஸ் நகருக்கு முதலிற் செல்வோம்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அந்நகரின் ஆண்மகன் ஒருவன் பதினெட்டு வயது நிரம்பியதும், தன் தந்தையின் ஊர்ப்பகுதிக்குரிய ஏட்டில் பதியப்பெற்றான். பினிக்ஸ் என்னும் குன்றிற் கூடிய மக்கட்சபையில், செல்வனுக்கும் செருப்புத் தைப்பவனுக்கும் ஒரே வாக்குத்தான். ஐந்நூற்றுவர் மன்றத்துக்கு உறுப்பினர் சீட்டுக் குலுக்கித் தெரியப்பட்டனர். நீதிமன்றத்தில் நடுவராக அமர்வோருக்கு நாட்படி வழங்கும் முறையைக் கொண்டுவந்தவர் பெரிக்கிளிஸ். உழைத்து உண்பவனும் ஒருநாள் வேலையை விட்டுவந்து நீதி வழங்க அது வழிசெய்தது. ஆண்டுதோறும் நடந்த தேர்தலில் மக்கள் அவரைப் படைத்தலைவராக மீண்டும் மீண்டும் தெரிந்தெடுத்தனர். வாளினாலன்றிச் சொல்லினால் நாட்டை நடத்திய தலைவர் அவர்.

ஆயினும் இம்மக்களாட்சிக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. பாரசீகரை எதிர்க்கும் பொருட்டுக் கி.மு. 478இல் கிரேக்க நகரங்கள் பல ஏதென்சின் தலைமையில் ஒன்றுகூடின. அவை திரட்டிய பொதுநிதி டெலோஸ் தீவில் இருந்தது. கி.மு. 454இல் அந்நிதி ஏதென்சுக்கு மாற்றப்பட்டது. நட்பு நாடுகள் மெல்ல மெல்லத் திறைசெலுத்தும் நாடுகளாயின. சாமோஸ் தீவு கி.மு. 440இல் எதிர்த்தெழுந்தபோது, பெரிக்கிளிஸ் தாமே கப்பற்படையுடன் சென்று அதனை அடக்கினார். திறை செலுத்தியோருக்குப் பினிக்ஸ் குன்றிற் குரல் இல்லை.

நகரத்துள்ளும் நிலைமை வேறன்று. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வாக்கு இல்லை. பிறநாட்டிலிருந்து வந்து குடியேறியோர் அங்கே தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்தனர், வரி செலுத்தினர், போரிலும் கலந்துகொண்டனர். ஆனால் அவர்கள் நிலம் வைத்திருக்க இயலாது, வாக்களிக்கவும் இயலாது. கி.மு. 451இல், தாய் தந்தை இருவரும் ஏதென்சின் குடிகளாயிருந்தாலன்றி மகனுக்குக் குடியுரிமை இல்லை என்ற சட்டம் வந்தது. அதனை முன்மொழிந்தவரும் பெரிக்கிளிசே. முன்னாளில் அந்நகருக்கு வெற்றி தேடித்தந்த கிமோன் என்னும் தளபதியின் தாய் பிறநாட்டவள். அச்சட்டம் முன்னரே இருந்திருப்பின் அவரும் குடிமகன் ஆகியிரார். குடியுரிமையால் வரும் நன்மைகள் பெருகியபொழுது, அவற்றைப் பங்கிடுவோர் தொகையைச் சுருக்கும் எண்ணம் எழுந்தது என்று அறிஞர் சிலர் கருதுவர்.

இனி நமது மலைநாட்டுக்குத் திரும்புவோம். கோப்பிக் காலத்திலும் பின்னர் தேயிலைக் காலத்திலும், தென்னிந்தியத் தமிழ் மக்கள் கங்காணிமாரின் கீழ் இம்மலைகளுக்கு வந்தனர். காடு திருத்தினர், கொழுந்து கொய்தனர், லயன் அறைகளிற் குடியிருந்தனர். 1924இல் இருப்புப்பாதை பதுளையை எட்டியது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, சில நிபந்தனைகளுடன் தோட்ட மக்களிற் பலரும் வாக்காளராயினர். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அவற்றுள் பதுளையும் ஒன்று. அங்கே தெரிவானவர் எஸ். எம். சுப்பையா.

அடுத்த ஆண்டே நாடு சுதந்திரம் பெற்றது. அதே 1948இல் நிறைவேறிய 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவர் என்பதை மட்டும் போதுமானதாகக் கொள்ளவில்லை. தந்தையும் இங்கே பிறந்தவர், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டவேண்டும் என்றது. பிறப்புச் சான்றிதழ் என்பதையே கண்டறியாத லயன் குடும்பங்கள் அதனை எவ்வாறு காட்டும்? 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தம், பிரஜைகள் அல்லாதோரின் பெயரை வாக்காளர் இடாப்பினின்றும் நீக்கியது. பதிவினால் உரிமை பெறலாம் என்ற மற்றொரு சட்டத்தின் கீழ் எட்டு இலட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தனர். பெற்றவரோ ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஆனால் தொகுதிகளைப் பிரிக்கும்போது மட்டும் இம்மக்களின் தலைகளும் எண்ணப்பட்டன! அவர்களால் மிகுந்த ஆசனங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தவர்கள் வேறு மக்கள்.

பின்னர் 1964 ஒக்டோபரில் இரு நாட்டுத் தலைவர்களும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று வகுத்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். ஒரே லயத்தில் வளர்ந்த அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மற்றொரு நாட்டுக்கும் உரியவரானது இவ்வாறுதான்.

ஏதென்சும் இலங்கையும் ஒன்றல்ல. ஒன்று பிறரை ஆண்ட நகரம். மற்றொன்று பிறர் ஆட்சியினின்றும் விடுபட்ட நாடு. எனினும் இரண்டும் உணர்த்தும் உண்மை ஒன்றே. மக்களாட்சியில் பெரும்பான்மை எதையும் தீர்மானிக்கலாம். ஆனால் ‘மக்கள்’ யார் என்பதையும் பெரும்பான்மையே தீர்மானிக்கும்போது, ஏட்டுக்கு வெளியே நிற்பவர் தமக்காக வாக்களிக்க இயலாது. அவ்விடத்திலேதான் தலைமையின் தரம் சோதிக்கப்படுகின்றது.

அச்சோதனை பெரிக்கிளிசின் வீட்டுக்கே வந்தது. கி.மு. 430இல் ஏதென்சிற் பரவிய கொள்ளைநோய் அவருடைய மனைவி வயிற்றுப் புதல்வர் இருவரையும் கொண்டுசென்றது. எஞ்சியிருந்தவன், மிலேட்டஸ் நகரத்து அஸ்பேசியாவுக்குப் பிறந்த மகன் ஒருவனே. அவனுக்குக் குடியுரிமை வழங்குமாறு தந்தை தாம் செய்த சட்டத்துக்கே விலக்குக் கேட்டு மன்றாடினார். மக்கள் இரங்கி வழங்கினர். தலைவர் மகனுக்குக் கிடைத்த இரக்கம் பெயரறியாத குடியேறியின் மகனுக்குக் கிடைத்ததில்லை.

நம் நாட்டில் அவ்வெல்லை காலந்தாழ்த்தியேனும் மாற்றி வரையப்பட்டது. 1964ஆம் ஆண்டு முதல் இங்கு நிலையாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளி மக்களுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. 2024ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் மலையகப் பெண்மணியாகிய அம்பிகா சாமுவேல் பதுளை மாவட்டத்திலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்.

ஆயினும் இன்னும் ஓர் ஏடு எஞ்சியுள்ளது. அது காணி உறுதி. வாக்குச்சீட்டைப் பெற்ற குடும்பங்களிற் பல, தாம் படுத்துறங்கும் லயன் அறைக்கு இன்றும் உரிமையற்றனவாகவே உள்ளன. ஏதென்சின் குடியேறிக்கு வாக்கும் இல்லை, நிலமும் இல்லை. நம் மலையகத்தார் ஒன்றை மீட்டுக்கொண்டனர். மற்றதைக் கேட்பதற்கு இன்று அவர்கள் எவருடைய இரக்கத்தையும் எதிர்பார்க்கவேண்டியதில்லை. பெயர் ஏட்டில் இருப்பதன் பயன் அதுவே.