‘நாங்க கேட்டது இது இல்லையே?’ - புராஜெக்ட் சண்டையைத் தீர்க்கும் டூல் எது?

வெள்ளிக்கிழமை மாலை. கிளையன்ட் கால். மூன்று மாதம் உழைத்து முடித்த ஸ்கிரீனை டீம் காட்டுகிறது. மறுமுனையில் சில நொடிகள் சத்தமே இல்லை. பிறகு ஒரு குரல்: “நாங்க கேட்டது இது இல்லையே?”

உடனே தேடல் தொடங்குகிறது. “அன்னைக்கு மீட்டிங்ல அவங்கதானே இப்படிச் சொன்னாங்க?” என்கிறார் டெவலப்பர். “மெயில்ல இருக்கும், நல்லா தேடிப் பாருங்க” என்கிறார் மேனேஜர். ஷேர்டு ஃபோல்டரில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் லேட்டஸ்ட்’ என்று மூன்று எக்செல் ஃபைல்கள். மூன்றிலும் மூன்று விதமாக எழுதியிருக்கிறது.

சனி, ஞாயிறு போனது போனதுதான். ஆனால், உண்மையான கேள்வி வேறு. டீம் செய்தது பிழை என்றால், கம்பெனி தன் செலவில் சரிசெய்ய வேண்டும். கிளையன்ட் பின்னர் கேட்ட மாற்றம் என்றால், அதற்குத் தனியாகப் பணம் தர வேண்டியது கிளையன்ட். பிழையா, மாற்றமா? இதற்குப் பதில் சொல்லும் சான்று எங்கே இருக்கிறது?

‘பிசினஸ் அனாலிசிஸ் வேலைக்கு எந்த டூல் நல்லது?’ என்று தேடுபவர்கள் பெரும்பாலும் வசதிகளின் பட்டியலையும் விலையையும்தான் ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது மேலே உள்ள கேள்வியை வைத்துத்தான்.

17 கோடி டாலர் பாடம்

இந்தச் சண்டை சின்ன கம்பெனிகளில் மட்டும் வருவதில்லை. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்கே வந்தது.

வழக்குக் கோப்புகளைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்ற ‘வர்ச்சுவல் கேஸ் ஃபைல்’ என்ற மென்பொருளை உருவாக்கும் பணியை எஸ்.ஏ.ஐ.சி. நிறுவனத்திடம் எஃப்.பி.ஐ. ஒப்படைத்திருந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அதன் நோக்கமே விரிவடைந்தது. 2002இல் மாதக்கணக்கில் கூட்டங்கள் நடத்தி, 800 பக்கங்களுக்கும் மேல் நீளும் தேவை ஆவணம் ஒன்றைத் தயாரித்தார்கள். ஒரு ஸ்கிரீனில் என்ன பட்டன் வர வேண்டும் என்பதுவரை அதில் எழுதியிருந்தார்கள்.

ஆக, ‘டாக்குமென்டேஷன் இல்லை’ என்ற குறை அங்கே இல்லை. ஆனால், வேலை நடந்துகொண்டிருந்தபோதே தேவைகளும் மாறிக்கொண்டே இருந்தன. 2003 டிசம்பரில் மென்பொருள் கைக்கு வந்ததும், இது சரியில்லை என்றது எஃப்.பி.ஐ. 59 பிரச்சினைகள் மீது தகராறு. நடுவர் ஒருவர் வந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்: 19 விஷயங்கள் எஃப்.பி.ஐ. பின்னர் மாற்றிய தேவைகள். 40 விஷயங்கள் நிறுவனத்தின் பிழைகள்.

அதே கேள்விதான்: பிழையா, மாற்றமா? 2005இல் திட்டம் கைவிடப்பட்டபோது ஆகியிருந்த செலவு சுமார் 17 கோடி டாலர். அதற்குப் பிறகு வந்த ‘சென்டினல்’ மென்பொருளும் முதலில் தடுமாறியது. 2010இல் எஃப்.பி.ஐ. அதைத் தன் பொறுப்பில் எடுத்து, சிறு சிறு பகுதிகளாகச் செய்து பார்க்கும் அஜைல் முறைக்கு மாறியது. 2012இல் அது பயன்பாட்டுக்கு வந்தது.

பக்கங்கள் எத்தனை என்பது முக்கியமில்லை. யார் கேட்டார்கள், ஏன் கேட்டார்கள், எப்போது மாறியது, மாறியதை யார் ஒப்புக்கொண்டார்கள் என்ற நான்கையும் ஒரே இடத்தில் பார்க்க முடிகிறதா என்பதே முக்கியம்.

முதலில் நான்கு கேள்விகள்

டெமோ பார்க்கப் போகும் முன் டீம் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்விகள் இவை.

1. யார் படிக்கப் போகிறார்கள்? டெவலப்பர் மட்டுமா, அல்லது கிளையன்ட் தரப்பின் அக்கவுண்ட்ஸ் மேனேஜருமா? அவருக்கு லாகின் இல்லாத டூலில் எழுதிய தேவையை அவர் படிக்கவே மாட்டார். படிக்காமல் கொடுத்த ஒப்புதல் ஒப்புதலே இல்லை.

2. எவ்வளவு வேகமாக மாறும்? வருடத்துக்கு இரண்டு முறையா, வாரத்துக்கு இரண்டு முறையா?

3. யாரிடம் நிரூபிக்க வேண்டும்? கிளையன்டிடம் மட்டும் என்றால் ஒரு வழி. ஆடிட்டர், ஒழுங்குமுறை அமைப்பு என்றால் வேறு வழி.

4. நாளை வெளியேற முடியுமா? இந்த டூலை விட்டுப் போகும்போது எழுதியதை எல்லாம் எந்த வடிவத்தில் எடுத்துக்கொண்டு போகலாம்?

எக்செல் போதுமா?

பல நேரம் போதும். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. ஐந்து பேர் டீம், அறுபது தேவைகள், ஆறு மாத வேலை என்றால் எக்செலோ கூகுள் ஷீட்டோ தாராளமாகத் தாங்கும். எல்லோருக்கும் தெரிந்த டூல். கிளையன்டும் திறந்து பார்ப்பார்.

ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். பணம் அனுப்பும் ஆப் ஒன்றில், ‘ஒரு வாடிக்கையாளர் ஒரு நாளில் 50,000 ரூபாய்க்கு மேல் அனுப்பக் கூடாது’ என்று ஒரு தேவை. எக்செலில் அது 27ஆவது வரிசை. இரண்டு மாதம் கழித்து, “ஒரு லட்சமா மாத்திடுங்க” என்கிறார் கிளையன்ட். அனலிஸ்ட் 50,000ஐ அழித்து 1,00,000 என்று அடிக்கிறார். அவ்வளவுதான், பழைய எண்ணின் தடமே கண்ணில் படாது. யார் கேட்டார்கள் என்பதும் தெரியாது. 50,000ஐ வைத்து எழுதிய டெஸ்ட் கேஸ்களுக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது.

எக்செலிலேயே இருப்பது என்று முடிவெடுத்தால் மூன்று பழக்கங்கள் கட்டாயம். ஒவ்வொரு தேவைக்கும் மாறாத ஓர் அடையாள எண். வரிசை எண் உதவாது, ஏனென்றால் நடுவில் ஒரு வரிசை சேர்த்தால் எல்லாம் நகர்ந்துவிடும். ‘காரணம்’, ‘கேட்டவர்’ என்று இரண்டு காலம்கள். மாற்றங்களைத் தேதியோடு எழுத ஒரு தனி ஷீட். ஃபைலும் ஷேர்டு லிங்க்கில் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். மெயிலில் அனுப்பத் தொடங்கிய நாளில் ‘ஃபைனல் லேட்டஸ்ட்’ பிறந்துவிடும்.

ஜிரா: டிக்கெட் வேறு, தேவை வேறு

டீம் பெரிதானால் அடுத்த நிறுத்தம் பெரும்பாலும் ஜிரா. ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் 2002இல் வெளியிட்ட இந்த மென்பொருள், மென்பொருள் பிழைகளைக் கண்காணிக்கத்தான் தொடங்கியது. கிளவுட் பதிப்பு 10 பேர் வரை இலவசம். மைக்ரோசாஃப்ட்டின் அஷூர் டெவ்ஆப்ஸில் முதல் 5 பேருக்கு அடிப்படை வசதிகள் இலவசம். இரண்டிலுமே யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறு தானாகப் பதிவாகும். எக்செலோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய முன்னேற்றம்.

ஆனால், பலர் விழும் குழியும் இங்கேதான் இருக்கிறது. டிக்கெட் என்பது ஒரு வேலையின் பதிவு. வேலை முடிந்தால் மூடிவிடுவார்கள். தேவை அப்படி இல்லை. மென்பொருள் உயிரோடு இருக்கும்வரை அதுவும் உயிரோடு இருக்கும்.

அதே உதாரணத்துக்கு வருவோம். 50,000 வரம்புக்கு ஒரு டிக்கெட். ஒரு லட்சமாக்க இன்னொன்று. மூத்த குடிமக்களுக்கு விதிவிலக்கு என்று மூன்றாவது. இரண்டு வருடம் கழித்து டீமில் சேரும் புதியவர், “இப்போ வரம்பு எவ்வளவுங்க?” என்று கேட்டால், மூடிய டிக்கெட்களைத் தோண்டிக் கூட்டிக் கழித்துத்தான் சொல்ல வேண்டும்.

தீர்வு எளிது. இன்றைய விதி என்ன என்பதை கான்ஃப்ளுயன்ஸ் போன்ற விக்கி பக்கத்தில் எழுதுங்கள். அதை மாற்றும் வேலையை டிக்கெட்டில் எழுதுங்கள். இரண்டையும் லிங்க் செய்யுங்கள். பக்கத்தின் பழைய வெர்ஷனையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி கான்ஃப்ளுயன்ஸில் உண்டு. ‘பிழையா, மாற்றமா’ சண்டையில் அந்த ஒரு ஸ்கிரீன் போதும்.

உயிர் சம்பந்தப்பட்டால்?

காரின் பிரேக், விமானத்தின் கட்டுப்பாடு, மருத்துவக் கருவி போன்றவற்றின் மென்பொருளுக்கு இது போதாது. வாகனங்களுக்கு ஐஎஸ்ஓ 26262, விமானங்களுக்கு டிஓ-178சி, மருத்துவ மென்பொருளுக்கு ஐஇசி 62304 என்று தனித்தனித் தரநிலைகள் உள்ளன. ஒரு தேவை எங்கிருந்து வந்தது, அதற்கான வடிவமைப்பு எது, அதைச் சோதித்த டெஸ்ட் எது என்ற சங்கிலியை இவை எதிர்பார்க்கின்றன. இதைத்தான் துறையில் ‘ட்ரேசபிலிட்டி’ என்கிறார்கள்.

ஐபிஎம்மின் டோர்ஸ், ஜாமா கனெக்ட், சீமென்ஸின் பொலாரியன் ஆகியவை இதற்கென்றே உள்ள டூல்கள். உதாரணமாக டோர்ஸில் தேவை ஒன்றை மாற்றினால், அதோடு இணைந்துள்ள லிங்க்குகளைச் ‘சந்தேகத்துக்குரியவை’ என்று குறித்துக் காட்ட முடியும். நம் உதாரணத்தில் 50,000 ஒரு லட்சம் ஆனதும், ‘இந்த டெஸ்ட்களை மறுபடி பாருங்கள்’ என்று டூலே எச்சரிப்பதுபோல. ஒப்புதல் கிடைத்த நாளின் நிலையை அப்படியே உறையவைக்கும் ‘பேஸ்லைன்’ வசதியும் உண்டு. ஜிராவில் இதற்குத் தனியாகத் துணைச் செயலி வாங்க வேண்டும்.

இவற்றுக்கு லைசென்ஸ் செலவு அதிகம். கற்றுக்கொள்ளவும் நாளாகும். கடைக்கான பில்லிங் ஆப் செய்யும் டீம் இதை வாங்கினால், தெருமுனைக் கடைக்குப் போக லாரி வாங்கிய கதைதான்.

படத்துக்குத் தனி டூல்

எழுத்தில் புரியாதது படத்தில் புரியும். எந்த வேலைக்கு எந்தப் படம் என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

* வேலை நடக்கும் வரிசை: பிபிஎம்என் என்ற பொதுக் குறியீட்டு முறை உண்டு. இலவசமான டிரா.ஐஓவே தொடங்கப் போதும்.
* ஸ்கிரீன் மாதிரி: ஃபிக்மா அல்லது பால்சமிக். பால்சமிக்கில் வரைந்தது வேண்டுமென்றே கையால் கிறுக்கியதுபோல இருக்கும். அதனால் கிளையன்ட் நிறத்தைப் பற்றிப் பேசாமல் விஷயத்தைப் பற்றிப் பேசுவார்.
* சேர்ந்து யோசிக்க: மிரோ போன்ற ஆன்லைன் பலகை. ஆனால், மீட்டிங் முடிந்ததும் முடிவுகளை அங்கேயே விட்டுவிடக் கூடாது. தேவைகள் இருக்கும் இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

விலைப்பட்டியலில் இல்லாத செலவு

மாதச் சந்தா கண்ணுக்குத் தெரியும். பழைய தேவைகளைப் புதிய டூலுக்கு மாற்றும் உழைப்பு, பயிற்சி, வெளியேறும்போது வரும் சிக்கல் ஆகியவை தெரியாது. அட்லாசியன் தன் ‘சர்வர்’ வகை மென்பொருட்களுக்கான ஆதரவை 2024 பிப்ரவரியோடு நிறுத்தியது. சொந்த சர்வரில் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்த நிறுவனங்கள் கிளவுடுக்கோ, விலை கூடிய வேறு பதிப்புக்கோ மாற வேண்டியிருந்தது. டூலைத் தயாரிக்கும் நிறுவனம் பாதை மாறினால் வாடிக்கையாளரும் மாறியாக வேண்டும்.

எனவே, வாங்கும் முன்பே எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். வெறும் வாக்கியங்கள் மட்டும் வருகின்றனவா, லிங்க்குகளும் வரலாறும் சேர்ந்து வருகின்றனவா? பெரிய டூல்களுக்கு இடையே தேவைகளைப் பரிமாற ‘ரெக்இஃப்’ என்ற பொது வடிவம் இருக்கிறது. அதை ஆதரிக்கிறதா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, வாடிக்கையாளர்களின் உண்மையான பெயர், போன் நம்பரோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து டிக்கெட்டில் ஒட்டும் பழக்கம். கிளையன்ட் ஒப்பந்தமும், இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கும் காலத்தில் அது ஆபத்து. மாதிரித் தரவையே பயன்படுத்துங்கள்.

ஏஐ எழுதித் தராதா?

தரும். மீட்டிங் குறிப்பைக் கொடுத்தால் யூசர் ஸ்டோரிகளாகப் பிரித்து அழகாக எழுதித் தரும். விடுபட்ட சூழல்களைக்கூட நினைவூட்டும். ஆனால், மீட்டிங்கில் யாரும் சொல்லாத ஒன்றை, சொன்னதுபோலவே எழுதிவைக்கவும் அதனால் முடியும். நன்றாக எழுதப்பட்ட தவறான தேவை, மோசமாக எழுதப்பட்ட தேவையைவிட ஆபத்தானது. யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள். ஏஐ எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ‘கேட்டவர் யார்?’ என்ற இடத்தை மனிதர்தான் நிரப்ப வேண்டும். கிளையன்டின் ரகசியத் தகவலை எந்த ஏஐ சேவையில் போடலாம் என்பதை ஒப்பந்தத்தைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

இரண்டு வாரச் சோதனை

விற்பனையாளரின் டெமோவில் எல்லா டூலும் அருமையாகத்தான் ஓடும். அதனால் உங்கள் புராஜெக்டிலிருந்தே ஒரு சிறு பகுதியை எடுங்கள். இருபது தேவைகள் போதும். இரண்டு டூல்களில் இரண்டு வாரம் உண்மையாகவே வேலை செய்யுங்கள். அனலிஸ்ட் மட்டுமல்ல, ஒரு டெவலப்பர், ஒரு டெஸ்டர், முடிந்தால் கிளையன்ட் தரப்பில் ஒருவரும் சேரட்டும். நடுவில் வேண்டுமென்றே ஒரு தேவையை மாற்றுங்கள்.

இரண்டு வாரம் முடிந்ததும், சோதனையில் கலந்துகொள்ளாத ஒருவரைக் கூப்பிட்டு மூன்றே கேள்விகள் கேளுங்கள்:

* இந்த விதி இப்போது என்ன சொல்கிறது?
* முன்பு என்னவாக இருந்தது? யார், ஏன் மாற்றினார்கள்?
* மாறியதால் எந்த டெஸ்ட்டை மறுபடி ஓட்ட வேண்டும்?

யாரிடமும் கேட்காமல் ஐந்து நிமிடத்தில் அவரால் பதில் சொல்ல முடிந்தால், அதுதான் உங்கள் டீமுக்கான டூல். அது இலவச ஷீட்டாக இருந்தாலும் சரி. முடியவில்லை என்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பயனில்லை; அடுத்த வெள்ளிக்கிழமை மாலையும் ‘ஃபைனல் லேட்டஸ்ட்’டைத்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள்.