மோர்டனில் ஒரு பூனைக்கு நோய் வந்தால்

தெற்கு லண்டனின் மோர்டனில் மனிதருக்கு உடம்பு முடியாவிட்டால் ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவர் இருக்கிறார். நிலைமை முற்றினால் கொஞ்ச தூரத்திலேயே செயின்ட் ஹீலியர் மருத்துவமனை. 1948 ஜூலையில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியதிலிருந்து இந்த நாட்டில் வைத்தியத்துக்கென்று பையில் கைவிட வேண்டிய நிலை அநேகமாக இல்லை. அதே வீட்டு நாயோ பூனையோ சுருண்டு படுத்தால் கதை வேறு. மருத்துவர் பார்ப்பதற்கு ஒரு கட்டணம், ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, எக்ஸ்ரேவுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று. இரவில் போனால் இன்னும் கூடுதல். ஊரில் அரசு கால்நடை மருத்துவமனையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பில் பெரிய அதிர்ச்சியாக இருக்கும்.

விலங்குகளுக்கு அரசு வைத்தியம் இல்லாத அந்த இடைவெளியைத் தொண்டு நிறுவனங்கள்தான் ஓரளவு நிரப்பின. லண்டன் தெருக்களில் வண்டி இழுத்துச் சோர்ந்த குதிரைகளைக் காப்பாற்ற 1897இல் ஒரு சங்கம் தொடங்கியது. 1906இல் அது விக்டோரியா பகுதியில் விலங்குகளுக்கென ஒரு மருத்துவமனையைத் திறந்தது. இன்று அதன் பெயர் ப்ளூ கிராஸ். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917இல், கிழக்கு லண்டனின் வைட்சாப்பலில், மரியா டிக்கின் என்ற பெண்மணி ஒரு நிலவறையில் ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச வைத்தியசாலை வைத்தார். அதுதான் பி.டி.எஸ்.ஏ. என்ற தொண்டு நிறுவனமாக வளர்ந்தது. ப்ளூ கிராஸின் மெர்ட்டன் மருத்துவமனை மோர்டன்காரர்களுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. அரசு உதவித்தொகையில் வாழ்பவர்கள் தகுதி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அந்த இடம் அதற்காகவே உண்டானது. சென்னைக்காரர்களுக்கு ப்ளூ கிராஸ் என்ற பெயர் புதிதல்ல. கேப்டன் சுந்தரம் 1959இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா, தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து விடும் திட்டத்தை 1964லேயே கையில் எடுத்துவிட்டது.

தொண்டு மருத்துவமனைக்குத் தகுதி பெறாத மற்றவர்களுக்குத் தனியார் கிளினிக்தான். அங்கும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 2013 வாக்கில் பிரிட்டனின் விலங்கு கிளினிக்குகளில் பத்தில் ஒன்றுதான் பெரிய குழுமங்களின் கையில் இருந்தது. இப்போது பத்துக்குக் கிட்டத்தட்ட ஆறு. வாசலில் பழைய பெயர்ப் பலகையே தொங்கினாலும் உள்ளே உரிமையாளர் மாறியிருக்கலாம். விலை உயர்வு பற்றிய புகார்கள் குவிந்ததால், சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு 2024 மே மாதம் முழு விசாரணையைத் தொடங்கியது. பலருக்குத் தெரியாத ஓர் உரிமையை இங்கே சொல்ல வேண்டும்: மருந்துச் சீட்டை எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாங்கலாம். சீட்டுக்கு ஒரு கட்டணம் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டிய மருந்தென்றால் அப்படியும் லாபமாக இருக்கலாம். இன்சூரன்ஸ் எடுப்பவர்கள் குட்டியாக இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. ஏற்கெனவே வந்துவிட்ட நோயை எந்த நிறுவனமும் பொதுவாக ஏற்பதில்லை; தடுப்பூசியும் கருத்தடையும் வழக்கமாக அதில் சேராது.

இனி பரிசோதனை மேசைக்கு வருவோம். அங்கே நடப்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் வியப்புதான். மருத்துவர் முதலில் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பார். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். தாமதித்தால் ரத்த ஓட்டத்தில் கோளாறு. பிடரித் தோலைத் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம்போல் நின்றால் உடலில் நீர் வற்றியிருக்கிறது. உடல் வெப்பம் 38 டிகிரிக்கு மேல் இருப்பது நாய்க்கும் பூனைக்கும் இயல்பு. தொட்டுப் பார்த்துச் சூடாக இருக்கிறது என்று நாம் பதறுவதில் பாதி, அவற்றின் இயல்பான சூடுதான்.

பூனைதான் கடினமான நோயாளி. அது வேட்டையாடும் பிராணி; தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையுமாகும். அதனால் வலியைக் காட்டிக்கொள்ளாமல் ஒடுங்கிவிடும். கத்தாது, நொண்டாது; கட்டிலடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த மௌனத்தைப் படிக்க கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். காதுகள் வெளிப்பக்கம் திரும்பியிருக்கின்றனவா, கண்கள் இடுங்கியிருக்கின்றனவா, மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி இறுகியிருக்கிறதா, மீசை விறைத்திருக்கிறதா, தலை தோள்மட்டத்துக்குக் கீழே தொங்குகிறதா என்று ஐந்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை மதிப்பெண். பத்துக்கு நான்கு வந்துவிட்டால் வலி மருந்து தேவைப்படலாம். மயக்கம் தெளிந்த பூனையைக் கவனிக்கும் நர்ஸுக்கு மட்டுமல்ல, வீட்டில் இருப்பவருக்கும் இது பயன்படும். உங்கள் பூனை சுகமாக இருக்கும்போது அதன் முகம் எப்படி இருக்கும் என்று மனதில் பதித்து வைத்தால் போதும், மாற்றம் கண்ணில் படும்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கவே கூடாது. ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து முக்குகிறது, ஆனால் சிறுநீர் வரவில்லை என்றால் அது மலச்சிக்கல் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகியது; சிறு படிகங்களும் சளியும் சேர்ந்து அடைத்துவிடும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறும். ஓரிரு நாளில் இதயமே நின்றுபோகலாம். நள்ளிரவானாலும் தொலைபேசியை எடுங்கள். பிரிட்டனில் பதிவுபெற்ற மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் அவசர உதவி கிடைக்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பது அவர்களின் தொழில் விதி. உங்கள் கிளினிக்கின் எண்ணுக்கு அழைத்தாலே எங்கே போக வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள்.

தமிழ் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டிய ஆபத்துகள் சில உண்டு. முதலாவது பனடோல், அதாவது பாரசிட்டமால். பாரசிட்டமாலை நம் கல்லீரல் ஒரு நொதியின் உதவியால் பத்திரமாக வெளியேற்றிவிடுகிறது. பூனையிடம் அந்த நொதி போதிய அளவில் இல்லை. மருந்து நச்சாக மாறி, ஆக்ஸிஜன் சுமக்கும் ரத்த அணுக்களைக் கெடுக்கும். ஈறு பழுப்பாகும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். காய்ச்சல் என்று அன்பாகக் கொடுத்த மாத்திரையால் பூனை சாவதைவிடக் கொடுமை இல்லை. மாற்று மருந்து இருக்கிறது. உடனே கொண்டுபோனால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் உடைக்கும். குழம்புச் சோற்றில் அவை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருப்பதால் ‘கொஞ்சம்தானே’ என்று வைத்துவிடுகிறோம். பாயசத்திலும் கேசரியிலும் விழும் திராட்சை வற்றல் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாது, இன்னொன்று அதே அளவில் சாகக் கிடக்கும். ஏன் என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்க நச்சியல் மருத்துவர்கள் அண்மையில் முன்வைத்தார்கள். அவர்களை அங்கே கொண்டுசேர்த்த தடயங்களில் ஒன்று, நம் சமையலறைச் சாமான்: புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகம் பழுதாகியிருந்தது. புளியை நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பூஜை அறைக்கோ வரவேற்பறைக்கோ லில்லிப் பூ வாங்குபவர்கள், வீட்டில் பூனை இருந்தால் வேறு பூ வாங்குங்கள். இதழைக் கடித்தாலும், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் பூனையின் சிறுநீரகம் போய்விடும்.

வீட்டுக்கு வெளியே மோர்டன் நாய்க்கு அருமையான ஊர். வாண்டில் ஆறு ஓடும் மோர்டன் ஹால் பூங்கா நடைக்கு வாய்த்த இடம். ஆனால் ஆற்றோரமென்றால் எலியும் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து பரவும் லெப்டோஸ்பைரா ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும், மனிதருக்கும் தொற்றும். அதற்கான ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டும். தெற்கு இங்கிலாந்தில் நன்றாக வேரூன்றிவிட்ட இன்னொன்று நுரையீரல் புழு. தோட்டத்து நத்தையைத் தின்னும் நாயின் நுரையீரல் தமனிக்குள் அது குடியேறும். இருமல் வரும், சில நாய்களுக்கு ரத்தம் உறையாமல் கசியும். நரிகளும் இதைச் சுமந்து பரப்புகின்றன. கடையில் மருந்துச் சீட்டில்லாமல் கிடைக்கும் பூச்சி மாத்திரை இதைத் தடுக்காது. மருத்துவர் எழுதித் தரும் மருந்தை மாதம் தவறாமல் கொடுப்பதுதான் வழி.

நமக்கு ஊரில் முதல் பயமாக இருந்த வெறிநாய்க்கடி மட்டும் இங்கே இல்லை. பிரிட்டன் நாய்களிடையே அந்த நோய் 1922லேயே ஒழிந்துவிட்டது. அதனால் வெளிநாடு போகாத மோர்டன் நாய்க்கு ரேபீஸ் ஊசி போடுவதில்லை. நோயை உள்ளே விடாமல் காக்கும் கடுமையும் அதனால்தான். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வளர்த்த பிராணியைக் கொண்டுவர விரும்புபவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அரிசி மணி அளவுள்ள மைக்ரோசிப்பைத் தோள்களுக்கு நடுவே தோலடியில் வைக்க வேண்டும். அதில் பேட்டரி கிடையாது, இடத்தையும் காட்டாது. ரீடரை அருகே பிடித்தால் அதன் அலையிலிருந்தே சக்தி பெற்று 15 இலக்க எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். இங்கிலாந்தில் நாய்களுக்கு 2016 முதலும் பூனைகளுக்கு 2024 ஜூன் முதலும் இது கட்டாயம். முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் பதிவேட்டிலும் மாற்றுங்கள். தொலைந்த நாயைக் கண்டெடுப்பவர் பதிவேட்டில் இருக்கும் தொலைபேசி எண்ணுக்குத்தான் அழைப்பார்.

சிப்புக்குப் பிறகு ரேபீஸ் ஊசி. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் எதிர்ப்புச் சக்தியை அளக்க வேண்டும். அளவு போதுமென்றால் ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நாயென்றால் புறப்படும் முன் நாடாப்புழு மருந்தும் உண்டு. மொத்தத்தில் நான்கு மாதத்துக்குக் குறையாது, ஆகவே விமானச் சீட்டைக் கடைசியில் எடுங்கள். சிப் வைப்பதற்கு முன் போட்ட ரேபீஸ் ஊசி கணக்கில் சேராது. வரிசை பிசகினால் ஊசியை மறுபடி போட்டு முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான்.