கரிபால்டியின் ஊர் எங்கே போயிற்று?

ஒரே பாஷை பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே ராஜ்யத்தில் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியரும் இத்தாலியரும் அப்படித்தான் ஆசைப்பட்டார்கள். பிஸ்மார்க் மூன்று யுத்தங்கள் நடத்தி, 1871-ல் ஜெர்மன் சாம்ராஜ்யத்தை நிறுவினார். இத்தாலிக்காகச் செஞ்சட்டைப் படையுடன் கப்பலேறினார் கரிபால்டி. 1861-ல் இத்தாலிய ராஜ்யம் உதயமாயிற்று. ஆனால் அவர் பிறந்த நீஸ் நகரம்? அதை முந்தின வருஷமே பிரான்சுக்குத் தாரை வார்த்துவிட்டார்கள்! கல்யாணத்தை முன்னின்று நடத்தியவருக்கே பந்தியில் இலை இல்லை என்றால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

நம் பக்கமும் இதுபோல ஒரு கதை உண்டு. தென்காசிக்குச் செங்கோட்டை அடுத்த வீடு மாதிரி. ஆனால் 1956 வரை அது மலைக்கு அப்பாலிருந்த சர்க்காரைச் சேர்ந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் காசு வேறு. நமக்கு அணா, அவர்களுக்குச் சக்கரம். தபால் இலாகாவும் வேறு. அதற்கு 'அஞ்சல்' என்று பெயர். (ஆமாம், இன்று நாம் சொல்லும் அதே அஞ்சல்தான்!)

தமிழ்த் தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்தோடு இணைக்கவேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் கிளர்ச்சி நடந்தது. 1954 ஆகஸ்ட் 11-ந் தேதி போலீஸார் சுட்டார்கள். காலையில் வீட்டை விட்டுப் போன பிள்ளைகள் சிலர் திரும்பவே இல்லை. 1956 நவம்பர் 1-ந் தேதி கன்னியாகுமரி ஜில்லா பிறந்தது. செங்கோட்டை திருநெல்வேலி ஜில்லாவுக்கு வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் மட்டும் கேட்டும் கிடைக்கவில்லை. அங்கே தேயிலை கிள்ளிய தமிழ்ப் பெண்களைப் பொறுத்தவரை நீஸ் நகரத்துக் கதைதான்!

செங்கோட்டையிலிருந்து கிழக்கே வந்தால் சங்கரன்கோவில் சீமை. அந்தச் சீமையைச் சேர்ந்த பழைய ஜமீன் ஊர் இளையரசனேந்தல். கரிசல் பூமி. எல்லைக் கோடு போட்டவர்களுக்கு இங்கே தலைவலியே இல்லை, சுற்றிலும் தமிழ்நாடு. ஆனால் இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பங்கரைப் பேச்சு தெலுங்கு! கடைத்தெருவில் தமிழ். பல தலைமுறைகளுக்கு முன் வடக்கேயிருந்து வந்து, காட்டைத் திருத்திப் பருத்தி விதைத்தவர்களின் சந்ததி. பாஷைப்படி பார்த்தால் இவர்கள் எந்த ராஜ்யம்? பிஸ்மார்க்கைக் கேட்டிருந்தாலும் மீசையைத்தான் முறுக்கியிருப்பார்.

1953-ல் ஆந்திரா தனி ராஜ்யமாயிற்று. இந்தக் கரிசல் குடும்பங்கள் இங்கேயே இருந்து உழுதுகொண்டிருந்தன. கோவில்பட்டி அருகே இடைசெவலில், அப்படி ஒரு தெலுங்கு வீட்டில் பிறந்த கி. ராஜநாராயணன்தான் பிற்பாடு கரிசல் தமிழுக்கு அகராதி தொகுத்தவர். தெலுங்கு தேசத்திலிருந்து முன்னோர்கள் வந்து குடியேறிய கதையை 'கோபல்ல கிராமம்' என்ற நாவலாகவும் எழுதினார், தமிழில்.