பஞ்சிழையும் ஓர் உயிரணுவே

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்திற்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தபோது ஒரு வழக்கு என் முன் வந்தது. கருநீலச் சாயம் ஏற்றிய நூலில் நெய்த கைலிகளில் எங்கும் வெள்ளைப் புள்ளிகள் தென்பட்டன. சரக்கைக் குறைந்த விலைக்குத் தள்ள நேர்ந்தது. குற்றம் சாயமேற்றியவருடையதே எனக் கொண்டு அவருடைய கூலியை நிறுத்திவைத்திருந்தனர். "ஐயா, நாற்பது வருஷமாகச் சாயத்தொட்டியோடு இருக்கிறேன். இது சாயத்தின் குற்றமில்லை, பஞ்சின் குற்றம்" என்றார் அம்முதியவர். நானும் அதை நம்பவில்லை. நூலைச் சோதனைக்கு அனுப்பிய பின்னரே அவர் கூற்று மெய்யென விளங்கியது. அந்நூலில் முற்றாத பஞ்சு கலந்திருந்தது.

பஞ்சு முற்றுவதென்றால் என்ன? இதனை அறிய, உயிரணுவின் வாழ்க்கையைச் சிறிது அறிதல் வேண்டும்.

உயிரணு இரண்டாவது எவ்வாறு?

பயிரும் மாடும் மனிதனும் கண்ணுக்குப் புலனாகாத உயிரணுக்களால் ஆனவை. விதைநெல்லை ஊறவைத்து முளைகட்டுவதைப் பாகூர் உழவர் யாவரும் அறிவர். உலர்ந்த நெல்லில் உயிரணுக்கள் உறங்கிக் கிடக்கின்றன. நீர் கிடைத்ததும் விழித்து நீள்கின்றன. பின்னர் வேரின் நுனியில் ஒன்று இரண்டாகவும், இரண்டு நான்காகவும் பிரிகின்றன.

பிரிவதற்கு முன் உயிரணு செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. பயிரின் குணங்கள் யாவும் குரோமோசோம் என்னும் நுண்ணிய இழைகளில் அடங்கியுள்ளன. நெல்லுக்கு அவை 24. நம் நாட்டுக் கருங்கண்ணிப் பருத்திக்கு 26. கம்போடியாப் பருத்திக்கு 52. ஒரே கரையை இரண்டு தறிகளில் நெய்ய வேண்டுமானால், ஜக்கார்டு அட்டைக்கட்டுக்கும் ஒரு பிரதி வேண்டுமன்றோ? அதுபோலவே உயிரணு முதலில் வளர்கிறது, பின்பு அவ்விழைகள் அனைத்திற்கும் பிரதி எடுக்கிறது, பிரதிகளைச் சரிபார்க்கிறது, அதன் பிறகே அவற்றை இரு புறமும் சமமாகப் பங்கிட்டு நடுவே சுவரெழுப்பிக்கொள்கிறது.

ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தணிக்கை உண்டு. முன்வேலை முடியாமல் அடுத்த வேலைக்கு உத்தரவு பிறக்காது. இக்கட்டுப்பாட்டை நடத்தும் பொருள்களைக் கண்டறிந்தமைக்காக ஹார்ட்வெல், ஹண்ட், நர்ஸ் ஆகிய மூவருக்கு 2001ஆம் ஆண்டில் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஈஸ்ட் போன்ற எளிய உயிரினங்களில் அவர்கள் கண்ட ஏற்பாடே நெல்லிலும் மனிதனிலும் நடைபெறுகிறது. கட்டுப்பாடு குலைந்து, உத்தரவின்றி உயிரணுக்கள் பெருகுவதே புற்றுநோய். தறியில் அமர்ந்தபடி புகையிலை மெல்லும் அன்பர்கள், வாயின் உயிரணுக்களில் இக்குலைவை உண்டாக்க வல்லது அது என்பதை நினைவிற்கொள்வார்களாக.

பிரியாமல் வளரும் உயிரணு

எல்லா உயிரணுக்களும் ஓயாமல் பிரிந்துகொண்டிருப்பதில்லை. சில, பிரிவதை நிறுத்திவிட்டு ஒரே தொழிலில் இறங்குகின்றன. அவற்றுள் ஒன்று நமக்குச் சோறிடுகிறது. அதுவே பஞ்சிழை. பஞ்சின் ஒவ்வோர் இழையும் ஒரே ஓர் உயிரணுவாகும்.

பருத்திப்பூ மலரும் நாளில், இளவிதையின் மேல்தோலில் உள்ள உயிரணுக்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று புடைத்து எழுகிறது. அது பிரிவதில்லை, நீளமாக மட்டுமே வளர்கிறது. மூன்று வார காலத்திற்குள் மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு நீண்டுவிடுகிறது. பருமனோ ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். இந்நீளம் ரகத்தைப் பொறுத்தது. சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்னும் இரு ரகங்களைக் கலந்து கோயமுத்தூரில் உருவாக்கி 1974இல் வெளியிடப்பட்ட சுவின் பருத்தி, மிக நீண்ட இழைக்குப் பெயர்பெற்றது.

நீளம் முடிந்தவுடன் வேலை முடிந்துவிடவில்லை. அதன்பின் இன்னும் சில வாரங்கள், இலையிலிருந்து வரும் சர்க்கரையைக் கொண்டு செல்லுலோஸ் என்னும் பொருளை உட்சுவரில் அடுக்கடுக்காகப் பூசிக்கொள்கிறது இழை. இதுவே முற்றுதல். பூத்து ஏறக்குறைய ஐம்பது நாளில் காய் வெடிக்கிறது. உயிரணு இறந்து உலர்கிறது. குழல் தட்டையாகி முறுக்கிக்கொள்கிறது. அம்முறுக்கினால்தான் இழைகள் ஒன்றையொன்று பற்றி நூலாகின்றன.

சுவர் தடிக்கும் முன்பே காயைப் பறித்தாலோ, அக்காலத்தில் பயிர் நீரின்றியும் நோயுற்றும் வாடினாலோ, இழை நீளமாயிருந்தும் வெற்றுக் குழலாகவே நிற்கும். அது நூற்பில் சிக்கிச் சிறு முடிச்சாகும். சாயத்தில் தோய்த்தாலும் வெளிறியே தோன்றும். கைலியில் கண்ட வெள்ளைப் புள்ளி அதுவே.

நாம் செய்யத்தக்கவை

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நெல்லும் கரும்புமே மிகுதி. காரைக்கால் பகுதியில் நெல் அறுவடைக்குப் பின் பருத்தியிடுகின்றனர். பருத்தியிடும் அங்கத்தினர்கள் எங்கிருப்பினும், நன்கு வெடித்த காயிலிருந்து மட்டுமே பஞ்செடுத்தல் வேண்டும். பாதி வெடித்ததையும் கொட்டுப் பருத்தியையும் நல்ல பருத்தியோடு சேர்த்தலாகாது. எடை சிறிது கூடலாம். விலையும் சங்கத்தின் பெயரும் குறையும்.

நெசவாளர் சங்கங்கள் புதிய நூல் வந்ததும் ஒரு சிட்டத்தை மட்டும் கருஞ்சாயத்தில் தோய்த்து, உலர்த்தி, வெயிலில் விரித்துப் பார்க்கலாம். வெண்புள்ளி தெரிந்தால் அந்நூலை வெளிர்நிறச் சரக்குக்கு ஒதுக்கலாம், அல்லது திருப்பியனுப்பலாம். செலவு ஒரு சிட்டமே.

அம்முதியவருக்கு நிலுவைக் கூலி முழுவதும் கொடுக்கப்பட்டது. கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டு அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். சாதாரண உயிரணுவும் பிரதியைச் சரிபார்க்காமல் அடுத்த அடி வைப்பதில்லை. நானோ நூலைச் சோதிக்கும் முன்னரே ஒருவரைக் குற்றவாளி என எண்ணிவிட்டேன். நம் நிர்வாகக் குழுக்களுக்கு அப்பிழை நேராதிருப்பதாக.