விமானத்துக்கும் எண்ணெய் ஸ்நானம்!

கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். 1931ம் வருஷம் முதல் மின்சார வண்டி ஓடுகிற பாதை அது. பரங்கிமலை தாண்டியதும் வருகிற பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டருக்குள் தமிழ்நாட்டின் ஆகாய விமான சரித்திரம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. மீனம்பாக்கம் உங்களுக்குத் தெரிந்ததே. அடுத்த பல்லாவரத்தில்தான், 1910ம் வருஷம், மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்திவந்த டி'ஆஞ்சலிஸ் என்பவர் சிம்ஸன் கம்பெனியில் செய்வித்த தம் விமானத்தைப் பரீட்சை பார்த்தார். பிறகு தீவுத்திடலில் ஜனங்கள் முன்னிலையில் பறந்து காட்டினார். குரோம்பேட்டையில், ஸி. ராஜம் தம் வீட்டை விற்றுப் பணம் திரட்டி 1949ல் ஸ்தாபித்த எம்.ஐ.டி. இருக்கிறது. கடைசியில் தாம்பரம். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் விமானப்படைப் பள்ளி 1954ல் அம்பாலாவிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது.

அந்தப் பள்ளி வந்த காலத்தில் தாம்பரத்து வானத்தில் கேட்டதெல்லாம் பிஸ்டன் எஞ்சின்களின் உறுமல். டைகர் மாத், ஹார்வர்டு, நம் நாட்டிலேயே டாக்டர் காட்கேயின் தலைமையில் உருவாகி 1951ல் முதன் முதலாகப் பறந்த எச்.டி.-2 ஆகியவற்றின் காலம் அது. ஜெட் யுகத்தில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தமே தெரியாது.

சித்திரை வெயிலில் ஜி.எஸ்.டி. ரோடு ஓரமாக ஒரு லாரி மூடியைத் திறந்துகொண்டு ஆவி கக்கியபடி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கிளீனர் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார். கொஞ்சம் இளைப்பாறிவிட்டு வண்டி மறுபடி கிளம்பும். இதே உபத்திரவம் மூவாயிரம் அடி உயரத்தில் வந்தால்? ஓரமாக நிறுத்த அங்கே ஓரம் ஏது? குடத்தோடு ஓடிவர யார் இருக்கிறார்கள்? ஆகவேதான் விமான எஞ்சினைச் செய்தவர்களுக்கு, அதை ஓட வைப்பதைவிட, ஓடும்போது வெந்து போகாமல் காப்பதே பெரிய கவலையாக இருந்தது.

கவலைக்குக் காரணம் இருக்கிறது. சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவி பற்றி எரியும் கணத்தில் உஷ்ணம் 2000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் போகிறது. பிஸ்டனோ அலுமினியம். 660 டிகிரியில் உருகிவிடும்! ஹார்வர்டு விமானத்து எஞ்சின் 600 குதிரை சக்தி உள்ளது. 1000 வாட் இஸ்திரிப் பெட்டி நானூற்று நாற்பதை ஒரே சமயத்தில் சுட வைக்கிற சக்தி அது. அதுவும் உபயோகமான பங்கு மட்டுந்தான். புகைக் குழாய் வழியாகவும் சிலிண்டர் சுவர் வழியாகவும் வீணாகிற உஷ்ணம் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும். இந்த அடுப்பை எப்படித் தணிப்பது?

முதல் வழி காற்று. 1955 முதல் திருவொற்றியூரில் தயாராகிப் புகழ் பெற்ற புல்லட் மோட்டார் சைக்கிளின் எஞ்சினைப் பாருங்கள். சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக உலோகத் தகடுகள் இருக்கின்றனவே, அழகுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். சூடான காப்பியை டம்ளரிலேயே வைத்தால் ஆற நேரமாகும். அகலமான டபராவில் ஊற்றினால் சீக்கிரம் ஆறும் அல்லவா? அதே சூத்திரந்தான். தகடுகள் சிலிண்டரின் மேற்பரப்பைப் பல மடங்கு அகலமாக்குகின்றன. விமான எஞ்சினிலும் இப்படித்தான், ஆனால் தகடுகள் இன்னும் மெல்லியவை, இன்னும் நெருக்கமானவை.

காற்று சும்மா அடித்தால் போதாது. தன் இஷ்டத்துக்கு விட்டால் அது சுலபமான வழியைப் பார்த்துக்கொண்டு வெளியே போய்விடும். முன்னால் இருக்கிற சிலிண்டர் குளிரும், பின்னால் இருப்பது வேகும். அதற்காக எஞ்சினைச் சுற்றி மூடி போட்டு, சிலிண்டர்களுக்கு நடுவே வளைந்த தகரத் தடுப்புகளும் ரப்பர்ப் பட்டைகளும் வைத்து, ஒவ்வொரு தகட்டு இடுக்கிலும் காற்று நுழைந்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறார்கள். அந்த ரப்பர்ப் பட்டையில் ஒரு கிழிசல் இருந்தால் போதும், ஏதாவது ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட அதிகமாகச் சுடத் தொடங்கும்.

தரையில் நிற்கும்போதுதான் ஆபத்து ஜாஸ்தி. எஞ்சின் ஓடுகிறது, ஆனால் எதிர்க் காற்று இல்லை. அதனால்தான் விமானி புறப்படுமுன் எஞ்சினைப் பரீட்சை செய்யும்போது விமானத்தின் மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்துகிறார். இன்னொரு தந்திரமும் உண்டு. முழு வேகத்தில் கிளம்பும்போது வேண்டியதற்கு மேலேயே பெட்ரோலைக் கலந்து அனுப்புவார்கள். மிகுதியான பெட்ரோல் உள்ளே உஷ்ணத்தைத் தணிக்கிறது. பெட்ரோலை ஊற்றி நெருப்பைத் தணிப்பதா என்று கேட்காதீர்கள், அப்படித்தான் நடக்கிறது!

புகை வெளியேறும் வால்வுக்கு வைத்தியம் வேறு. அதைக் குடைந்து உள்ளே பாதியளவு சோடியம் என்ற உலோகத்தை வைத்து மூடிவிடுகிறார்கள். 98 டிகிரியிலேயே அது உருகிவிடும். வால்வு மேலும் கீழும் துள்ளும்போது உள்ளே அதுவும் குலுங்கி, தலைப் பக்கத்துச் சூட்டைத் தண்டுப் பக்கம் சுமந்துகொண்டு போய்விடும்.

இத்தனையும் செய்தும் பிஸ்டனின் அடிப்பாகத்தையும், சுழலும் தண்டையும் காற்று எட்டிப் பார்க்க முடியாது. அங்கேதான் எண்ணெய் வருகிறது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் உடம்புச் சூடு தணியும் என்று பாட்டி சொல்வாளே, பாட்டியின் சாஸ்திரம் எஞ்சினுக்கு அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது. வழுக்கச் செய்வது எண்ணெயின் ஒரு வேலை; சூட்டை வாரிக்கொண்டு வந்து ரேடியேட்டரில் ஆற்றிவிட்டுத் திரும்பிப் போவது அதற்குச் சமமான வேலை. டைகர் மாத்தில் எண்ணெய்த் தொட்டியை விமானத்தின் இடது விலாவில், வெளியிலேயே வைத்திருந்தார்கள். பறக்கிற காற்று பட்டு எண்ணெய் தானே ஆறட்டும் என்றுதான்.

டைகர் மாத், எச்.டி.-2 இரண்டுக்கும் இன்னொரு விசேஷம் உண்டு. அவற்றின் எஞ்சின்கள் தலைகீழ்! சிலிண்டர்கள் கீழ்நோக்கித் தொங்கும். காற்றாடி உயரத்தில் அமையும், விமானிக்கு முன்னால் இருப்பது நன்றாகத் தெரியும் என்பதற்காக இந்தச் சிரசாசனம். ஹார்வர்டிலோ ஒன்பது சிலிண்டர்கள் நட்சத்திரம்போல் வட்டமாக நிற்கும். இவ்வகை எஞ்சின்கள் இரவெல்லாம் சும்மா நின்றால், எண்ணெய் மெல்லக் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் போய்த் தங்கிவிடும். எண்ணெய் காற்றைப்போல் அமுங்கிக் கொடுக்காது. அப்படியே கிளப்பினால் பிஸ்டனை இணைக்கும் தண்டு வளைந்துபோகும்; சில சமயம் அன்று தப்பித்து, பிறகு ஒரு நாள் ஆகாயத்தில் முறியும். அதற்காகத்தான் காலையில் மெக்கானிக்குகள் காற்றாடியைக் கையால் பிடித்து மெதுவாகச் சுற்றிப் பார்ப்பார்கள். எங்காவது தடங்கினால், பலவந்தம் செய்யாமல், கீழ்ச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்துவிடவேண்டும்.

எந்த எண்ணெய் என்று கேட்கிறீர்களா? முதல் மகா யுத்தத்தில் பறந்த எஞ்சின்கள் பலவற்றுக்கு ஊற்றியது, தாய்மார்களே, விளக்கெண்ணெய்! எஞ்சினே காற்றாடியோடு சேர்ந்து சுழன்ற காலம் அது. பெட்ரோலும் எண்ணெயும் ஒரே அறைக்குள் போயாக வேண்டும். பெட்ரோலில் கரையாமல் நிற்பது விளக்கெண்ணெய் ஒன்றுதான் என்று கண்டார்கள். அது எரிந்தும் எரியாமலும் புகையாக விமானியின் முகத்தில் அடிக்கும். மணிக்கணக்கில் அதைச் சுவாசித்து விழுங்கிய வீரர்களின் வயிறு என்ன பாடுபட்டது என்பதை நம் வீட்டுக் குழந்தைகளைக் கேட்டால் சொல்லும். ஆமணக்கு விளைச்சலில் இன்றும் உலகில் முதலிடம் நம் நாட்டுக்குத்தான்.

எண்ணெய் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிஜக் கதை உண்டு. 1935 மே 15ந் தேதி, 'ஸதர்ன் கிராஸ்' என்ற மூன்று எஞ்சின் விமானத்தில் கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித்தும் இரண்டு தோழர்களும் ஆஸ்திரேலியாவிலிருந்து நியூஸிலாந்துக்குத் தபால் கொண்டுபோனார்கள். நடுக்கடலில் புகைக் குழாயின் துண்டு ஒன்று பெயர்ந்து வலப்பக்கத்துக் காற்றாடியை உடைத்தது. அந்த எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். சிறிது நேரத்தில் இடப்பக்கத்து எஞ்சினில் எண்ணெய் தீர ஆரம்பித்தது. அதுவும் நின்றால் கடல்தான் கதி. பி. ஜி. டெய்லர் என்பவர் ஜன்னல் வழியே வெளியே இறங்கினார். கீழே அலை, எதிரே சூறைக்காற்று. ஒரு கம்பியின் மேல் நகர்ந்துபோய், செத்த எஞ்சினிலிருந்து எண்ணெயை ஒரு பிளாஸ்க் மூடியில் பிடித்துக் கொடுத்தார். மறுபக்கம் இறங்கி, உயிரோடு இருந்த எஞ்சினில் ஊற்றினார். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, ஆறு தடவை! விமானம் பத்திரமாக ஸிட்னி திரும்பியது. டெய்லருக்குப் பின்னால் ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கிடைத்தது. கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித் பாவம், அதே வருஷம் நவம்பரில் அலகாபாத்திலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்தவர், பர்மாக் கரையருகே காணாமலே போனார்.

ஆகவே, எஞ்சினைக் கிளப்பியதும் விமானியின் கண் முதலில் போவது எண்ணெய் அழுத்த முள்ளின் மேல். அரை நிமிஷத்துக்குள் முள் எழும்பாவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். ஆகாயத்தில் அழுத்தம் இறங்கி உஷ்ணம் ஏறினால், அருகிலுள்ள தளத்தைத் தேடி இறங்குவதைத் தவிர வேறு யோசனை கிடையாது. பழைய எண்ணெயை மாற்றும்போது வடிகட்டியை வெட்டிப் பார்ப்பார்கள். மினுமினுக்கும் துகள் இருந்தால் காந்தத்தைக் காட்டுவார்கள். ஒட்டிக்கொண்டால் எஃகு, ஏதோ பல்சக்கரமோ தண்டோ தேய்கிறது. ஒட்டாவிட்டால் அலுமினியமாக இருக்கலாம், பிஸ்டனைப் பார். டாக்டர் ரத்தம் பரிசோதிப்பது போலத்தான்.

ரொம்பப் பறந்தால் எஞ்சின் கெடும் என்று நினைப்போம். சும்மா கிடந்தாலும் கெடும்! நம் கடற்கரைப் பட்டணத்து ஈரக் காற்றில் வாரக்கணக்கில் நின்றால் உள்ளே எண்ணெய் வழிந்து இறங்கிவிட, இரும்பில் துரு பூக்கும். எண்ணெயும் நன்றாகச் சூடேறினால்தான் அதில் சேர்ந்த ஈரம் ஆவியாகும்.

1950களின் நடுவில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில், காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களைச் சுற்றிச் சுற்றி வந்த ராமேசுவரத்து மாணவர் ஒருவரை நீங்கள் அறிவீர்கள். அப்துல் கலாம் படிப்பு முடிந்து பயிற்சிக்குப் போனது பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு. அங்கே பிஸ்டன் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டினார். தேய்மானம் பார்க்கக் கற்றுக்கொண்டார். ராக்கெட்டெல்லாம் அப்புறந்தான்.

விமானப்படையின் ஆரம்பப் பயிற்சிக்கு 2013ல் வந்த பிலாட்டஸ் விமானத்தில் பிஸ்டனே கிடையாது. பிஸ்டன் எஞ்சினைப் பார்க்கவேண்டுமானால் பயிற்சிப் பள்ளிகளின் சின்னச் செஸ்னாக்களைத் தேடவேண்டும். அல்லது, 2018ல் புதுப்பிக்கப்பட்டு விமானப்படைக்கு வந்து சேர்ந்த 'பரசுராமா' என்ற டகோட்டாவைப் பார்க்கவேண்டும். 1949ல் சென்னையிலிருந்து நாகபுரிக்கு இரவுத் தபால் சுமந்த ஜாதி அது. பக்கத்துக்கு ஒன்றாகப் பதினாலு சிலிண்டர் எஞ்சின்கள் இரண்டு. அவ்வகை எஞ்சின் நிற்கும் இடத்தில் கீழே தட்டு ஒன்று வைத்திருப்பார்கள், சொட்டுகிற எண்ணெயைப் பிடிக்க. எண்ணெய் சொட்டுகிறதே என்று யாராவது குறை சொன்னால் பழைய மெக்கானிக்குகள் சிரிப்பார்கள். சொட்டாமல் நின்றால்தான் அவர்களுக்குக் கவலை: உள்ளே எண்ணெயே இல்லை என்று அர்த்தமாம்!